எம்.சி. ரோட்டில் கொடுத்த நம்பர்

தீபாவளிக்கு முந்தைய வாரம் வட சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்தவர்களுக்குத் தெரியும். கல்லாவில் துணியை வைத்ததும், விலை சொல்வதற்கு முன்பே "போன் நம்பர் சொல்லுக்கா" என்பார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. இடுப்பில் குழந்தை, கையில் நாலு பை. எதற்கு என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கேட்டாலும் "நம்பர் போடலைன்னா சிஸ்டம் பில் எடுக்காதுக்கா" என்று பதில் வரும். சொல்கிற பெண்ணின் மேல் தப்பில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த திரைக்குப் போகாதபடி சாஃப்ட்வேரை அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவசரத்தில் சில கடைகளில் பில் போடுகிறவர்களே பத்து ஒன்பதுகளை வரிசையாகத் தட்டி நகர்ந்துவிடுவதும் உண்டு. சிஸ்டம் அதையும் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

ஆன்லைன் மார்க்கெட்டிங் பற்றிப் பேசும்போது சட்டம், அறம், தனியுரிமை, பாதுகாப்பு என்று நாலாகப் பிரித்துப் பேசுவார்கள். கீழே இறங்கிப் பார்த்தால் நாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. ஒன்றுக்காகக் கொடுத்த தகவலை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் யார் பதில் சொல்ல வேண்டும்? இந்தியச் சட்டம் இதற்குச் சொல்லும் பதில் பெரிய கம்பெனிகளுக்குப் பழக்கமானது. எம்.சி. ரோட்டுக் கடைக்காரருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. நம்பரை யார் வாங்கினாரோ, கடைசி வரை அவர்தான் பொறுப்பு.

முதலில் அந்தக் கல்லா விஷயத்தை முடித்துவிடலாம். நம்பர் தராவிட்டால் பில் கிடையாது என்று சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர் அமைப்புகளுக்கு அறிவுறுத்தியது. ஆகவே "நம்பர் இல்லை, பில் மட்டும் போடுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பில் தர மறுப்பதும் தனியாக ஒரு நியாயமற்ற வணிக நடைமுறைதான். நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, கொடுத்தாகிவிட்டது. அப்புறம்?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதிலிருந்து ஆறு ஆண்டு இழுத்தடித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகங்களில் விதிகளுக்குக் கீழே சின்னச் சின்ன உதாரணங்கள் கொடுப்பார்கள். இந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் வரும் ஒரு உதாரணம், மருந்துக் கடை. ஒரு பெண் மருந்து வாங்குகிறார், பணம் கட்டிய ரசீதைப் போனுக்கு மெசேஜாக அனுப்பச் சொல்லி நம்பர் தருகிறார். கடை அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்திக்கொள்ளலாம். உதாரணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. "ஆடி ஆஃபர்" அனுப்பலாம் என்றோ, பக்கத்தில் திறந்திருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நம்பரைக் கொடுக்கலாம் என்றோ அதில் இல்லை. அதற்கெல்லாம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் நீட்டினால் போதாது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில், அதாவது தமிழிலும், படிக்க வழி இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்தது அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். நம்பர் சொல்ல மூன்று விநாடி, எடுக்கச் சொல்ல ஈமெயிலும் ஐ.டி. புரூஃபும் என்றால் அது சட்டப்படி செல்லாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டம் 2023இல் வந்தாலும், அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. சம்மதம், பாதுகாப்பு போன்ற முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதத்தில்தான், நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை கையில் இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதன் கீழ் வந்த 2011 விதிகளும். அந்த விதிகள் எதைக் கூருணர்வு மிக்க (சென்சிடிவ்) தகவல் என்று பட்டியலிடுகின்றன என்று பார்த்தால் பாஸ்வேர்டு, வங்கி விவரம், உடல்நிலை, கைரேகை போன்றவை இருக்கின்றன. போன் நம்பர் இல்லை. ஊரே பதைபதைக்கும் விஷயம் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. சேவை ஒப்பந்தத்தின் வழியாகக் கைக்கு வந்த தகவலை, ஆதாயத்துக்காகச் சம்மதமில்லாமல் வெளியே விட்டால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 72ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். அது லேசான காரியமில்லை.

கடைக்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சின்ன ரெடிமேட் கடை. மேலே வாடகை ஏறிக்கொண்டே போகிறது, கீழே ஆன்லைன் கம்பெனிகள் விலையை உடைக்கின்றன. ஏரியாவில் ஒரு பையன் வருகிறான். "அண்ணே, டிஜிட்டல் மார்க்கெட்டிங் பண்ணித் தரேன், மாசம் இவ்வளவு" என்கிறான். அவன் முதலில் கேட்பது கஸ்டமர் லிஸ்ட். பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து எக்செல் ஃபைலை எடுத்து வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுகிறார் ஓனர். பெயர், நம்பர், என்ன வாங்கினார், எப்போது வந்தார், எல்லாம் அதில் இருக்கின்றன. பிறந்தநாள் ஆஃபருக்கு என்று வாங்கிய பிறந்த தேதிகூட. அந்தப் பையன் அதே தெருவில் இன்னும் ஐந்தாறு கடைகளுக்கு வேலை பார்க்கிறான். ஃபைல் அவன் லேப்டாப்பில் இருக்கிறது, டிரைவில் இருக்கிறது, போனில் இருக்கிறது. நாளை அவன் வேறு வேலைக்குப் போனாலும் ஃபைல் போகாது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் வேடிக்கை. கசிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. ஹேக்கர் வர வேண்டிய அவசியமே இல்லை.

புதிய சட்டத்தின் 8ஆம் பிரிவு இங்கேதான் கடைக்காரரைப் பிடிக்கிறது. வேலையை இன்னொருவரிடம் கொடுத்திருந்தாலும், அவரோடு என்ன பேசி வைத்திருந்தாலும், தகவலுக்குக் கடைதான் பொறுப்பு. அந்த இன்னொருவரோடு முறையான ஒப்பந்தம் இல்லாமல் வேலையைக் கொடுக்கவே கூடாது. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். கசிந்ததைத் தெரிவிக்காவிட்டால் 200 கோடி வரை. இந்தத் தொகைகளைக் கேட்டு ரெடிமேட் கடைக்காரர் மயங்கிவிழ வேண்டாம். தவறின் தன்மை, அளவு, திரும்பத் திரும்பச் செய்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவுசெய்யும். சிறிய நிறுவனங்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்குத் தர அரசுக்கு அதிகாரமும் உண்டு. ஆனால் அந்த விலக்குப் பட்டியலில் சம்மதம் வாங்கும் கடமையும் பாதுகாப்புக் கடமையும் இல்லை. ஆகவே "எங்களுக்குமா?" என்று கேட்டால், ஆமாம், உங்களுக்கும்தான்.

லிஸ்ட் கைக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். எஸ்எம்எஸ் என்றால் கட்டுப்பாடு கொஞ்சம் இறுக்கம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி விளம்பரம் அனுப்புகிறவர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். 2025இலிருந்து அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஒரு ஆங்கில எழுத்தும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. விளம்பர அழைப்புகள் 140இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "மேடம், லோன் வேணுமா" என்று வந்தால் அது விதிமீறல். 1909க்கு ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம். பத்து நாளுக்குள் ஐந்து பேர் புகார் செய்தாலே அந்த எண் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரித் திருத்தம் சொல்கிறது. பலர் ஒரு முறை விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டி பதிவு போட்டுவிட்டு, அப்படியும் கால் வருகிறதே என்று அலுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். புகார் இல்லாமல் அந்த இயந்திரம் ஓடாது.

இந்த இறுக்கத்தால்தான் எல்லாரும் வாட்ஸ்அப்புக்கு ஓடினார்கள். டிராய் விதிகள் தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும்தான். வாட்ஸ்அப் அவற்றுக்குள் வராது. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான். அவர்களும் கடையின் நம்பரைச் சேமித்து வைத்திருந்தால்தான் மெசேஜ் போய்ச் சேரும். காசு கட்டி அதிகாரப்பூர்வமாக அனுப்பும் வழி இருக்கிறது. அது செலவு. ஆகவே "பல்க் வாட்ஸ்அப்" என்று யாரோ விற்கிற சாஃப்ட்வேரில் கியூஆர் ஸ்கேன் செய்து கடையின் கணக்கையே திறந்து கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் வரும் ஒவ்வொரு மெசேஜையும் படிக்கும் வழி இப்போது யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அதைவிட மோசம், வாட்ஸ்அப் குரூப். இது நம் பக்கத்தில் அதிகம். வீட்டிலிருந்தே புடவை, நைட்டி, பிளவுஸ் மெட்டீரியல் விற்கிற அக்காக்கள் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. வங்கியும் கைகொடுக்காமல், ஆள்பலமும் இல்லாமல், ஒரு போனை வைத்துக் குடும்பத்தை நடத்துகிறார்கள். வாங்குகிற பெண்கள் எல்லாரையும் ஒரே குரூப்பில் சேர்த்துவிடுவதுதான் பழக்கம். குரூப்பில் சேர்ந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொருவரின் நம்பரும் மற்ற எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலானவர்களின் போட்டோவும்தான். யாரோ ஒருவரின் அண்ணனோ, கணவரோ, பழைய போனை வாங்கியவரோ அந்தப் பட்டியலைப் பார்த்தால் போதும். ராத்திரி பதினோரு மணிக்கு "ஹாய்" வருகிறது. பிளாக் செய்தால் வேறு நம்பரிலிருந்து வருகிறது. வீட்டில் சொன்னால் "எதுக்கு அந்த குரூப்ல சேர்ந்த?" என்று பெண்ணின் மேலேயே பாய்கிறார்கள். தனியுரிமை என்றால் பணக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இத்தனைக்கும் மாற்று இலவசமாகவே இருக்கிறது. வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்கிறவர்களின் நம்பர் மற்றப் பின்தொடர்கிறவர்களுக்குத் தெரியாது. கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியிலும் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் மறைந்தே இருக்கும். குரூப்பைக் கலைத்துவிட்டு இதற்கு மாற ஒரு மத்தியானம் போதும்.

இன்னொரு பயன்பாடு கண்ணுக்கே தெரியாது. அந்த எக்செல் ஃபைலை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரக் கணக்கில் ஏற்றலாம். கடையில் வாங்கியவர்கள் இன்ஸ்டாவில் யார் யார் என்று கம்பெனி பொருத்திப் பார்த்து அவர்களுக்கே விளம்பரம் காட்டும். அவர்களைப் போலிருக்கும் மற்றவர்களையும் தேடிப் பிடிக்கும். "நேத்து கடையில பார்த்த சுடிதார் இன்னைக்கு போன்ல வருது, போன் நாம பேசுறத கேக்குது" என்று சொல்வார்கள். ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை, கல்லாவில் நாமே சொல்லிவிட்டோம். ஏற்றும்போது நம்பர்கள் அப்படியே போகாது, ஹேஷ் என்ற கணக்கால் உருத்தெரியாத எழுத்துச் சரமாக மாறித்தான் போகும், ஆகவே பத்திரம் என்பார்கள். அரைகுறை உண்மை. இந்திய மொபைல் எண்கள் பத்து இலக்கம், 6, 7, 8, 9 என்ற நாலு எண்களில் ஒன்றில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு அத்தனைக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நொடிகள்தான் ஆகும். ஹேஷ் செய்துவிட்டால் தகவல் அநாமதேயமாகிவிடாது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் வெளிப்படையாகவே எழுதியது. அதோடு, இரண்டு பக்கமும் ஒரே ஆளைக் கண்டுபிடிப்பதற்காகத்தானே இந்த வேலையே.

வட சென்னைக்காரர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு, எந்தச் சட்டமும் சரியாகத் தொடாத பக்கம். கடனும் கிரெடிட் கார்டும் விற்கிறவர்கள் வாயில் "நெகட்டிவ் ஏரியா" என்று ஒரு சொல் புழங்குகிறது. கடன் தரக் கூடாத பகுதிகள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியல் அது. அதை எந்த வாசலிலும் ஒட்டிவைப்பதில்லை. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ வளர்ந்து, ஐ.டி. கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அட்ரஸைச் சொன்னதும் எதிர்முனையில் குரல் மாறியதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முன்பு அந்த வேலையை ஒரு ஏஜென்ட் வாயால் செய்தார். "இல்ல சார், உங்க ஏரியாவுக்குத் தரமாட்டாங்க" என்றாவது சொன்னார். அதைக் கேட்டுக் கோபப்படவாவது முடிந்தது. இப்போது விளம்பரம் கொடுக்கிறவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் 600039, 600021 என்ற பின்கோடுகளை எடுத்துவிட்டால் முடிந்தது. வேலை வாய்ப்பு விளம்பரமோ, குறைந்த வட்டி வீட்டுக் கடனோ, நமக்குக் காட்டப்படவில்லை என்பதே நமக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி எங்கே புகார் செய்வது?

இது கற்பனைக் கவலை இல்லை. அமெரிக்காவில் இதே பிரச்சினை நீதிமன்றம் வரை போய், வீடு, வேலை, கடன் விளம்பரங்களை அஞ்சல் குறியீடு, வயது, பாலினம் பார்த்துக் காட்டுவதை நிறுத்த 2019 மார்ச்சில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. நம் புதிய சட்டம் தகவல் எப்படி வாங்கப்பட்டது, எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்று கேட்கிறது. வயதுவந்தவர்களை வகைபிரித்து, இவருக்குக் காட்டு, அவருக்கு மறை என்பதைக் கேள்வி கேட்கவில்லை. பின்கோடு தனிநபர் தகவலாகக்கூடத் தோன்றாது. ஆனால் இந்த ஊரில் பின்கோடு என்ன சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். சட்டப்படி தப்பில்லை என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டம் கொஞ்சம் கண்டிப்பு. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. குழந்தைகள் துணிக்கடையில் பட்டுப்பாவாடை போட்டுப் பார்த்த ஐந்து வயதுப் பெண்ணை ஸ்டாஃப் ஒருவர் போனில் எடுத்து, பாட்டு சேர்த்து ரீல்ஸ் போடுகிறார். அம்மா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு சம்மதம் ஆகுமா? வீடியோ அவருக்கு என்று நினைத்திருக்கலாம். கடைப் பக்கத்தில், குழந்தையின் பெயரோடு, இருபதாயிரம் பேர் பார்க்கப் போகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணப் பெண் மேக்கப் செய்கிறவர்களிடமும் இதே கதைதான். மேக்கப்புக்கு முன், பின் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். முன் படம் வெளியே போவதில் எந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம் இருக்காது. அட்வான்ஸ் வாங்கும்போதே, படம் போடலாமா, எது போடலாம் என்று ஒரு வரியில் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால் முடிந்துவிடும் விஷயம். பெண் தானே தன் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்ட படத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து யூடியூபர்கள், இன்ஸ்டா பிரபலங்கள். காசிமேட்டு மீன் சாப்பாடு, வியாசர்பாடி அத்தோ என்று வீடியோ போடுகிற தம்பிகளால் எத்தனையோ சின்னக் கடைகள் பிழைத்திருக்கின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அதைச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்களும், அவற்றையொட்டி நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் வெளியிட்ட விளக்கமும், பணம் மட்டுமல்ல, இலவசச் சாப்பாடு, பரிசு, உறவு என்று எந்தத் தொடர்பு இருந்தாலும் வெளிப்படுத்தச் சொல்கின்றன. வீடியோ என்றால் காட்சியிலும் வர வேண்டும், குரலிலும் வர வேண்டும், பேசுகிற மொழியிலேயே வர வேண்டும். கீழே இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்துவைத்தால் கணக்கில் சேராது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை, கூடவே முதல் முறை ஓராண்டு வரை, மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை எந்த விளம்பரத்திலும் தோன்றத் தடை. சாப்பாட்டில் இது பெரிய கேடு செய்யாது, பிரியாணி சுமாராக இருந்தால் நூற்றைம்பது ரூபாய் போச்சு, அவ்வளவுதான். அதே முகம் சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கும் பொடிக்கு வீடியோ போடும்போதுதான் விஷயம் மாறுகிறது. அது 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின்படி நேரடிக் குற்றம். சர்க்கரை அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. பதிவு செய்யாத சீட்டுக்கு ஆள் சேர்த்தால் சீட்டு நிதிச் சட்டம் பாயும். பணம் வைத்து ஆடும் ரம்மிக்கு விளம்பரம் செய்தால், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் உண்டு. பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது போன்ற 13 தந்திரங்களை 2023 நவம்பர் 30 அன்று அரசு தடை செய்தது. அது பெரிய தளங்களின் கதை, இங்கே நீட்ட வேண்டாம்.

எங்கிருந்தோ கசிந்த நம்பர்கள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் மோசடிக்காரர்களின் மேசை. பட்டாசு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசி நேரடி விற்பனை, 80 சதவீதம் தள்ளுபடி என்று இன்ஸ்டாகிராமில் வருகிறது. தட்டினால் வாட்ஸ்அப் திறக்கிறது, அழகான விலைப்பட்டியல் வருகிறது, முன்பணம் போட்டதும் நம்பர் அணைகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு இதைப் பற்றி எச்சரிக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. இணையதளங்கள் ஆன்லைனில் பட்டாசு விற்பதையே உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்துவிட்டது. அந்த விளம்பரம் உண்மையாகவே இருந்தாலும் வந்திருக்கக் கூடாத விளம்பரம். அப்படியும் எப்படி வருகிறது? மெட்டா கம்பெனி 2024 வருமானத்தில் சுமார் பத்து சதவீதம் மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று தன் உள் ஆவணங்களில் கணக்கிட்டிருந்ததாக 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. அது தோராயமான, மிகைப்பட்ட கணக்கு என்று மெட்டா மறுத்தது. கணக்கு பாதியாக இருந்தாலும், விளம்பரத்தைச் சரிபார்க்க யாருக்கு ஆர்வம் குறைவு என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930க்கு அடிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

கசிந்த நம்பரால் தொல்லைப்பட்ட பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைக்குமா என்ற கேள்வி மீதி இருக்கிறது. புதிய தரவுச் சட்டத்தில் விடை: கிடைக்காது. 250 கோடி அபராதமே போட்டாலும் அது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு தர வழிசெய்த 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்போது நீக்கிவிடுகிறது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர் கையில் ஒரு ரூபாய் இல்லை என்பது எனக்குச் சட்டத்தின் பெரிய ஓட்டையாகவே படுகிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டம் அனுமதிக்காத விதத்தில் இன்னொருவருக்குத் தருவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதற்கு 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் 1915க்குப் பேசலாம். கடை வழிக்கு வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லையும், வந்த மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்டையும், தேதி தெரியும்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பிலிருந்து கோபத்தில் வெளியேறுவதற்கு முன் உறுப்பினர் பட்டியலையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது, வெளியேறிய பிறகு அது கிடைப்பது கஷ்டம்.